அண்ணத்தில் இழையம் எடுப்பது: திறந்த புண்ணா, தைத்து மூடிய புண்ணா?

முரசு இறங்கிப் பல்லின் வேர் தெரிந்தால், அண்ணத்திலிருந்து இணைப்பிழையம் (மேல்தோலுக்கு அடியில் உள்ள தசைபோன்ற படை) எடுத்து வேர்மேல் வைத்துத் தைப்பது இன்றும் நம்பகமான சிகிச்சை. எடுக்க இரண்டு வழி. மேல்தோலோடு சீவி எடுத்து, அந்தத் தோலை வாய்க்கு வெளியே வைத்துக் களைவது ஒன்று. அண்ணம் திறந்த புண்ணாக நிற்கும். ஒரே வெட்டு வழியாக உள்ளிருக்கும் இழையத்தை மட்டும் எடுத்துத் தைத்து மூடுவது மற்றது. இது 1999இல் பல் மருத்துவர்கள் ஹூர்ட்செலரும் வெங்கும் விவரித்த முறை. வேர் மூடப்படும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

திருகோணமலைப் பக்க நோயாளிக்கு என் தெரிவு ஒற்றை வெட்டுத்தான். திறந்த புண் ஆற 2 முதல் 4 வாரம் செல்லும். தெளிந்த பிளாஸ்டிக் தட்டு போட்டிருந்தாலும் சாப்பாடு பெரும்பாடு. மூதூரிலோ குச்சவெளியிலோ இருப்பவருக்கு இரவில் இரத்தம் கசிந்தால் உடனே வந்து காட்டுவதும் இலேசில்லை.

ஆனால் மூடிய முறை தடித்த அண்ணத்துக்கே சரிவரும். விறைப்பூசி போட்டபின் ரப்பர் வளையம் கோத்த ஊசியை எலும்பு தட்டும்வரை இறக்கி அளக்க வேண்டும். 3 மில்லிமீற்றர் இருந்தால் துணியலாம்: 1.5 இழையத்துக்கு, மீதி அதன்மேல் விட்டுவைக்கும் தோல்மடலுக்கு. வெட்டு முரசு விளிம்பிலிருந்து 2-3 மில்லிமீற்றர் தள்ளி, வேட்டைப்பல்லுக்குப் பின்னிருந்து முதற் கடைவாய்ப்பல்லின் முன்புறம் வரை. மடல் 1 மில்லிமீற்றரை விட மெலிந்தால் வெளிறி, சாம்பல் நிறமாகி, சில நாளில் உரிந்து விழும். பிறகு அதுவும் திறந்த புண்தான், நோவும் கூட. இரண்டு முறையையும் ஒப்பிட்ட பல் மருத்துவர் சுக்கெல்லி குழுவின் 2010 ஆய்வில் இரண்டு பக்க நோயாளிகளும் விழுங்கிய வலி மாத்திரையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. மடல் அழுகியவர்களுக்கே அதிகம் தேவைப்பட்டது. ஆகவே 2.5 மில்லிமீற்றருக்குக் குறைந்த அண்ணத்தில் பிடிவாதம் வேண்டாம், திறந்த முறையே நல்லது.

அண்ணத்து நாடி (வெட்டுப்படக் கூடாத இரத்தக் குழாய்) எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது இரண்டு முறைக்கும் பொது. பல்லின் கழுத்திலிருந்து தட்டையான அண்ணத்தில் சுமார் 7, நடுத்தரத்தில் 12, உயர்ந்த அண்ணத்தில் 17 மில்லிமீற்றர். தட்டை அண்ணக்காரருக்கு இழையத்தின் அகலத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

வீட்டில் முதல் நாள் அடிக்கடி துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. உறைந்த இரத்தம் கழன்றுவிடும். ஆறவைத்த கஞ்சி, கிண்ணியா எருமைத் தயிர் போதும். மாசிச் சம்பல், நண்டு, முறுக்கு, கொதிக்கும் தேநீர் ஆகாது. கசிந்தால் நனைத்த துணித்துண்டை மடித்து வைத்து விரலால் 15 நிமிடம் அழுத்த வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இவ்வகை ஆய்வுகள் பலவற்றில் புகைப்பவர்களைச் சேர்ப்பதில்லை. சிகரெட்டும் சுண்ணாம்பு தடவிய வெத்திலையும் விடாதவருக்கு மேலே சொன்ன வாரக்கணக்கை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.