கன்வேர்ட் சூத்திரமா, சொந்தக் காரணி அட்டவணையா?

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவரின் கணக்கில் நில அளவான ஏக்கர், பரப்பு, நெல் அளவான புசல் மூன்றும் கலந்து வரும். ஏக்கரை ஹெக்டேயராக்க, அலகு மாற்றும் எக்செல் சூத்திரமான கன்வேர்ட் (CONVERT) போதும்: 3.5 ஏக்கர் என்றால் 1.416. அலகின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே பிழை காட்டும்; அது நல்லதுதான், தவறு கண்ணில் படும்.

புசலில்தான் இடறும். கன்வேர்ட்டுக்கு அது அமெரிக்கக் கொள்ளளவு. கிலோவாக்கச் சொன்னால் பிழைதான் வரும். நம்மூர் நெல்லுப் புசல் நிறை: 46 இறாத்தல், அதாவது 20.87 கிலோ. 80 புசல் 1,669.6 கிலோ. பரப்பைக் கன்வேர்ட் அறியவே அறியாது. 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர்.

ஆகவே இவற்றுக்குத் தனித்தாளில் காரணி (பெருக்க வேண்டிய எண்) அட்டவணைதான் சரி. நிரல்கள் நான்கு: எந்த அலகு, எந்த அலகுக்கு, காரணி, எந்தப் பொருளுக்கு. கடைசியை விட்டால் 20.87ஐ யாரோ உழுந்துக்கும் போட்டுவிடுவார்கள். காரணிக் கலத்தை டொலர் குறியால் ($C$2 போல) பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், இரண்டாம் வரி அடுத்த காரணியால் பெருக்கும், கடைசி வரிகள் பூச்சியமாகும். பூச்சியம் கண்ணில் படும், இரண்டாம் வரியின் பிழை படாது.