"எதிர்ப்புச் சக்தி மருந்து" என்று வீடு தேடி வருகிறார்கள், சுங்கை சிப்புட் மக்களே கவனம்

நம் தோட்டத்துப் பக்கம் யாருக்காவது மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் கெட்டு, உடம்பு மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய்) இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் மாமா காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர், இப்போது வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறுகிறது. ஈப்போவில் டாக்டர் நோயை உறுதி செய்து, அதற்கான ரிலுசோல் மாத்திரை கொடுத்தார். அத்தை கோயிலில் யாரிடமோ சொல்லி அழ, சேதி எப்படியோ போய் ஒருத்தர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஐயா, உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி செத்துப் போச்சு, அதான் நரம்பு போகுது, இதைச் சாப்பிட்டா மூணு மாசத்துல எழுந்து நடப்பீங்க." பெட்டி 480 வெள்ளி. அதோடு விட்டாரா, ரிலுசோல் ஈரலைக் கெடுக்கும், நிறுத்துங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்! ஈரலைக் கவனிக்கத்தான் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்கிறார், அதை வீட்டுக்கு வந்தவர் சொல்லவே இல்லை. மாமாவும் நம்பிப் பெட்டியை வாங்கி, ரிலுசோலை நிறுத்திவிட்டார்.

எனக்குக் கோபம் இதில்தான். இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி செத்துப் போவதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் காவலுக்கு இருக்கும் மைக்ரோகிளியா என்ற எதிர்ப்புச் சக்தி செல்கள் முதலில் நரம்பைக் காக்கப் பார்க்கின்றன, நோய் முற்ற முற்ற அவையே அழற்சியைக் கிளப்பி மிச்சமிருக்கும் நரம்பையும் கெடுக்கின்றன. இந்த அழற்சியை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரி டி செல்கள் (இவையும் எதிர்ப்புச் சக்தி செல்கள்தான்) குறைந்தவர்களுக்கு நோய் வேகமாகப் போவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் எதை "ஏற்றி" விடுகிறார் இவர்?

சரி, அடக்கினால் போதுமா என்றால் அதுவும் லேசில்லை. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து அழற்சியைக் குறைக்கும் என்று நம்பி 400க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள், 2007இல் வந்த முடிவில் மருந்து எடுத்தவர்கள்தான் வேகமாகப் பலவீனமானார்கள். முறையான சோதனையிலேயே இப்படி என்றால் பெட்டிக்குள் என்னவென்றே தெரியாத மாத்திரையை எப்படி நம்புவது?

அந்தப் பெட்டியில், பதிவு செய்த மருந்துக்கு இருக்க வேண்டிய எம்ஏஎல் (MAL) பதிவு எண் இல்லை, ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டோம், போனை எடுப்பதில்லை. கை கால் செயலிழக்கும் வாதத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. மாமா டாக்டரிடம் பேசிவிட்டு ரிலுசோலை மறுபடி ஆரம்பித்துவிட்டார். அது நோயைக் குணமாக்காது, சில மாதங்கள் தள்ளிப்போடும், அந்த மாதங்கள் எங்களுக்குப் பெரிது.

பெட்டியும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன, சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.