‘டைபாய்டு பாசிட்டிவ்’ என்று ஊசி போட ஆரம்பித்தால் முதலில் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

கேரளத்து இடுக்கி மலையில் வண்டன்மேடு, புற்றடி, குமுளிப் பக்கம் இருக்கிற நம் ஆட்கள், அதிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மெட்டு இறங்கிக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு இல்லாத டைபாய்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இருந்த உண்ணிக் காய்ச்சலை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி பெயரை எழுதப் போவதில்லை; புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். அந்த ஒரு இடத்தைத் தவிர்த்துவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது. இதே வேலை பல ஊரில் நடக்கிறது.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த சமயம். தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்தது. மகள் இரண்டாம் வகுப்பு. காய்ச்சல், தலைவலி, சாப்பிட்டால் வாந்தி. முதலில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துப் பார்த்தோம். குறையும், மறுபடி ஏறும். மூன்றாம் நாள் கீழே கூட்டிப்போனோம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை ஸ்வெட்டருக்கு மேலேயே வைத்தார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லவில்லை. நாக்கைப் பார்த்தார், சீட்டு எழுதினார், லேப் அதே கட்டடத்தில் பின்பக்கம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் சிஸ்டர் வந்து, "டைபாய்டு பாசிட்டிவ், அட்மிட் பண்ணணும்" என்றார். கையில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் ஏற்றி, ட்ரிப்ஸ் மாட்டி, செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த வார்டில் இருந்த குழந்தைகள் எல்லோருக்குமே டைபாய்டுதான். ஒருத்தன் இருமிக்கொண்டே இருந்தான், அவனுக்கும் டைபாய்டு. வயிற்றுப்போக்கோடு வந்த கைக்குழந்தைக்கும் டைபாய்டு. அந்தக் கைக்குழந்தையின் அம்மா என் மனைவியிடம், "போன வருஷமும் இதே பெட்டுதான்க்கா, இதே டைபாய்டுதான்" என்று சொன்னார்.

நான் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவன். எந்தக் காகிதத்தையும் வாசிக்காமல் விடுகிற பழக்கம் இல்லை. ரிப்போர்ட் கேட்டேன். "ஃபைல்ல இருக்கு சார், டிஸ்சார்ஜ் அப்போ தருவோம்" என்றார்கள். மறுபடி மறுபடி கேட்ட பிறகு ஒரு சிஸ்டர் ஃபைலைத் திறந்து காட்டினார். டைபாய்டுக்கு எடுக்கிற வைடால் என்ற ரத்த டெஸ்ட். ‘ஓ’ 1:80, ‘எச்’ 1:80. அடியில் பொடி எழுத்தில், நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும் என்று லேப்காரரே அச்சடித்து வைத்திருந்தார். அதைச் செய்ய வேண்டியவர் செய்யவில்லை.

இந்த வைடால் சங்கதியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் பாதிப் பேருடைய ‘டைபாய்டு’ இதில்தான் பிறக்கிறது. இது 1896-இல் வந்த பழைய சோதனை. கிருமியை இது தேடுவதில்லை. கிருமியின் ‘ஓ’, ‘எச்’ என்ற இரண்டு பாகங்களுக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறது; 1:80 என்றால் ரத்தநீரை எண்பது மடங்கு நீர்க்க வைத்தும் அது தெரிகிறது என்று அர்த்தம். அந்த எதிர்ப்புப் பொருள் தேறி வரவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாளில் எடுத்தால், உண்மையான டைபாய்டாக இருந்தாலும் பெரும்பாலும் காட்டாது. இன்னொரு பக்கம், டைபாய்டு சகஜமாக இருக்கிற நம்மைப் போன்ற நாட்டில், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர் ரத்தத்திலும் 1:80 காட்டுவது உண்டு. எப்போதோ வந்து போன கிருமி, வேறு ஏதோ காய்ச்சல், எதனாலும் காட்டும். டைபாய்டை உறுதிப்படுத்த, ரத்தத்தில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே. என் மகளுக்கு அது எடுக்கவே இல்லை. பின்னால் கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் அஞ்சு நாள் ஆகும், அதுவரை பிள்ளையை வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு ஊசியை ஆரம்பிக்க யாரும் தடை சொல்லவில்லை.

சரி, ஊசி போட்டும் காய்ச்சல் அசையவில்லை. ராத்திரியானால் 103, 104. முகம் லேசாக உப்பியது. பிளேட்லெட் தொண்ணூறாயிரத்துக்கு இறங்கியது. உடனே "டெங்குவும் சேர்ந்திருக்கு" என்றார்கள். டெங்குவுக்கு எடுத்த என்.எஸ்.1 நெகட்டிவ் என்று ஃபைலிலேயே இருந்தது. அதைக் காட்டினால், "சில சமயம் அப்படித்தான் வரும்" என்று பதில். அப்புறம் மெரோபெனம் என்ற பெரிய ஊசிக்கு மாற்றினார்கள். பில்லும் பெரியதானது. ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் கட்டில் கால்மாட்டிலேயே நின்று சார்ட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பார்த்தது எங்கள் அம்மா. பிள்ளைக்கு வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துவிடும்போது, ஜட்டியின் எலாஸ்டிக் பதிகிற இடத்தில், தொடை இடுக்கில், சின்னதாக ஒரு கறுப்புப் பொருக்கு. பீடி நெருப்பு சுட்டது போல, நடுவில் கறுத்துக் காய்ந்து, சுற்றிலும் சிவந்து இருந்தது. பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. தொட்டால் வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள், அரிக்கவும் இல்லை. அம்மா சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு அப்பத்தா" என்று பவுடர் போட்டுவிட்டுப் போய்விட்டார். டாக்டரிடம் நான் சொன்னேன். "காய்ச்சலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று முடித்துவிட்டார், துணியை விலக்கிப் பார்க்காமலே.

அன்றைக்கே நாங்களாகவே கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வெளியே வந்தோம். முழுப் பில்லையும் கட்டினால்தான் ஃபைல் என்றார்கள். கட்டிய பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒற்றைத் தாள்தான் வந்தது. லேப் ரிப்போர்ட் எதுவும் இல்லை.

மேலே, கேரள அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டியில் இருந்தது வயது குறைந்த ஒரு லேடி டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வி, "மோள் எவிடெயா களிக்குன்னது? தோட்டத்திலா?" என்பது, அதாவது மகள் விளையாடுவது எங்கே, தோட்டத்திலா என்று. அப்புறம் ஸ்க்ரீனை இழுத்து மறைத்து, பிள்ளையின் உடுப்பை முழுக்கக் கழற்றச் சொன்னார். டார்ச் அடித்து, தலைமுடியைப் பிரித்து, காது மடலுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, பிட்டத்து மடிப்பு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பொருக்கைக் கண்டதும், "செள்ளுப்பனி" என்றார். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்பது, ஸ்க்ரப் டைபஸ். ரத்தம் எலிசா சோதனைக்குப் போனது. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்த மணி நேரத்திலேயே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார். மாத்திரை சில ரூபாய்தான். இந்த மருந்து சரியாகக் கிடைத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் விட்டுவிடும், விடாவிட்டால் வேறு நோயையும் யோசிப்போம் என்று முன்கூட்டியே சொன்னார். விட்டது. கல்லீரல் வீங்கியிருந்ததால் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். எலிசாவும் பிறகு பாசிட்டிவ் என்று வந்தது.

டாக்ஸிசைக்ளின் பல்லைக் கறையாக்கும், சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு பயம் இருக்கிறது. நானும் கேட்டேன். அது பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளால் வந்த பேச்சு, குறுகிய நாளுக்கு எடைக்குத் தக்க அளவில் கொடுத்தால் குழந்தைக்கும் பயமில்லை, வேண்டாம் என்றால் அசித்ரோமைசின் இருக்கிறது என்றார். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. டாக்டர் எழுதினால் பயந்து நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

இந்தக் கிருமி உடம்பின் செல்லுக்கு உள்ளேயே போய்க் குடியிருக்கிறது. அதனால் செஃப்ட்ரையாக்ஸோன், மெரோபெனம் வகை ஊசிகள் எவ்வளவு விலையானாலும் அதைத் தொடாது. பரப்புவது மைட் என்கிற பூச்சியின் இளம் பருவம், கண்ணுக்குத் தெரிவதே அரிது. புதர், புல், தோட்டத்து ஓரத்துக் காடு, எலி நடமாடுகிற இடம், இங்கெல்லாம் இருக்கும். கடித்து ஒரு வாரம் பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம் வரை கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடித்த இடம் வலிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. பொருக்கு எல்லோருக்கும் வருவதும் இல்லை, வராததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பிளேட்லெட் இதிலும் இறங்கும், அதனால்தான் டெங்கு என்று ஏமாறுகிறார்கள். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் வரை போகும். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை மயங்கி மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது. தோட்ட வீட்டில் நாம் செய்யக்கூடியது, விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி உடுப்பை மாற்றுவது, துவைத்த துணியைப் புதர் மேலும் புல் மேலும் காயப்போடாமல் கொடி கட்டிப் போடுவது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் இடமில்லை என்பது தெரியும், ஆனாலும் கொடிதான் நல்லது.

மொழி தெரிந்த டாக்டர் என்று கீழே போவதை நான் தப்பு சொல்லவில்லை. கீழேயும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாட்டிலும் இந்தக் காய்ச்சல் நிறையவே இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இதற்குச் சோதனையும் மருந்தும் உண்டு. எங்கே போனாலும், பிள்ளை தோட்டத்தில் புழங்குகிறது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். உடுப்பைக் கழற்றிப் பார்க்காவிட்டால், "சார், ஒரு தடவை முழுசாப் பாத்துடுங்க" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி காகித விஷயம். நம் நோயாளியின் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அட்மிட் ஆன நோயாளியின் பதிவை மூன்று வருடம் அவர்கள் வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்டால் நடக்காது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தோ சீலோ வாங்குங்கள். வாங்க மறுத்தால் ரெஜிஸ்டர் தபால். எனக்கு லேப் ரிப்போர்ட்டும் கேஸ் ஷீட்டும் வந்தது அப்படித்தான். வந்த கேஸ் ஷீட்டில், ‘தோல்: இயல்பு’ என்று தினமும் ஒரே கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்! பவுடர் போட்டது எங்கும் இல்லை.

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்பதால் நுகர்வோர் நீதிமன்றமும் உண்டு, 1995-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ராத்திரியில் ஆலோசனை வேண்டுமென்றால் கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104.

என் மனுவுக்கு ரசீது வந்திருக்கிறது, விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. அந்த ஐப்பசியில் அதே வார்டில் டைபாய்டு என்று படுத்திருந்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், உங்கள் லேப் ரிப்போர்ட்டை எழுதிக் கேட்டு வாங்கி எனக்குத் தகவல் சொல்லுங்கள். தனி ஆளாகப் போவதைவிட நாலு பேர் ரிப்போர்ட்டோடு போய் நின்றால் அந்த அலுவலகத்தில் கேட்பார்கள்.