புவெனஸ் ஐரிஸில் ஊர் சுற்ற எது நல்லது: சுரங்க ரயிலா, பஸ்ஸா, டாக்ஸியா?

புவெனஸ் ஐரிஸ் போகப் போகிறேன் என்று சொன்னால், போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். சுரங்க ரயிலைப் பிடித்துக்கொள், அது சுலபம், அது போகாத இடத்துக்கு டாக்ஸி எடுத்துக்கொள், பஸ் பக்கம் மட்டும் போகாதே, தலை சுற்றிவிடும். நானும் அதை நம்பி முதல் நான்கு நாள் அப்படியே சுற்றினேன். ஐந்தாம் நாள் பஸ்ஸில் ஏறிய பிறகு, அந்த நான்கு நாளும் மண்ணுக்கடியில் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது. அதனால் என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் பஸ்தான் முதல், சுரங்க ரயில் அதற்கு அடுத்து, டாக்ஸி ராத்திரிக்கும் பெட்டி படுக்கைக்கும்.

பஸ்ஸோ ரயிலோ, எதில் போவதானாலும் சூபே அட்டை வேண்டும், காசு ஏற்றி வைத்துத் தட்டுகிற பயண அட்டை அது. கியோஸ்கோ என்று அங்கே சொல்கிற பெட்டிக்கடைகளில் சாக்லேட், சிகரெட்டோடு இதையும் விற்பார்கள். பஸ், சுரங்க ரயில், புறநகர் ரயில் மூன்றுக்கும் இந்த ஒரே அட்டைதான். இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் இரண்டாவது பயணத்துக்குப் பாதிக் கட்டணம், மூன்றாவதிலிருந்து கால் கட்டணம். பெயர் பதிவு செய்யாத அட்டைக்குக் கட்டணம் கூடுதல், ஆனால் அதுவும் டாக்ஸியோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. தொகையை நான் இங்கே எழுதவில்லை, அங்கே விலைவாசி ஓடுகிற ஓட்டத்தில் இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். சுரங்க ரயில் வாயிலில் தொட்டால் போதும் என்கிற வங்கி அட்டையும் செல்லும், ஆனால் பஸ்ஸை நம்பி இருப்பவர் சூபே இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம்.

சரி, சுரங்க ரயில். ஊர்க்காரர்கள் சுப்தே என்பார்கள். முதல் தடம் 1913 டிசம்பர் 1-இல் ஓடத் தொடங்கியது, லத்தீன் அமெரிக்காவிலேயே முதல் சுரங்க ரயில் அது. ஸ்பெயினின் மத்ரித் நகருக்கே 1919-இல்தான் சுரங்க ரயில் வந்தது. அந்தப் பழைய ஏ தடத்தில் பெல்ஜியத்தில் செய்த மரப்பெட்டி ரயில்கள் 2013 ஜனவரி வரை, கிட்டத்தட்ட நூறு வருடம், ஓடின. பயணிகளே கையால் கதவைத் திறந்து இறங்குவார்களாம். இப்போது அவை இல்லை. ஆனால் பெரு என்கிற நிலையத்தில் இறங்கிப் பாருங்கள், பழைய கால விளம்பரங்களும் விளக்குகளும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு ரயிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

இன்னொரு விஷயம், இந்த ரயில்கள் இடது பக்கம் ஓடுகின்றன. அர்ஜென்டினாவில் 1945 வரை சாலையிலும் இடது பக்கம்தான் ஓட்டினார்கள், சாலை வலப்பக்கம் மாறிவிட்டது, தண்டவாளம் மாறவில்லை.

ஆறு தடங்கள், ஏ, பி, சி, டி, இ, எச். வரைபடத்தைப் பார்த்தால் விரித்த கை மாதிரி இருக்கும், உள்ளங்கை நகரின் கிழக்கே பழைய மையத்தில், விரல்கள் வெளியே. குறுக்கே போவது சி, எச் இரண்டு மட்டும். உங்கள் விடுதி ஒரு விரல் நுனியிலும் போக வேண்டிய இடம் பக்கத்து விரல் நுனியிலும் இருந்தால், உள்ளங்கை வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். பஸ்ஸில் அதுவே நேர்க்கோட்டில் கால் மணி நேரமாக இருக்கும். சுரங்க ரயிலின் பெரிய குறை இதுதான்.

சுலபம் என்கிறார்களே, அதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒபெலிஸ்கோ தூணுக்குக் கீழே பி, சி, டி மூன்று தடமும் சந்திக்கின்றன, நிலையம் ஒன்றுதான், பெயர் மட்டும் மூன்று: பி தடத்தில் கார்லோஸ் பெல்லெக்ரினி, சி தடத்தில் தியகொனால் நோர்த்தே, டி தடத்தில் நுவேவே தே ஹூலியோ. பிளாசா தே மாயோ சதுக்கத்துக்குப் பக்கத்திலும் இதே கதை, கத்தெத்ரால், பெரு, பொலிவார் மூன்றும் உள்ளேயே நடந்து மாறக்கூடிய ஒரே சந்திப்பு. அப்புறம் சில நிலையங்களில் இரண்டு நடைமேடைக்கும் தனித்தனி வாசல், உள்ளே கடக்க வழியே கிடையாது. தவறான பக்கம் அட்டையைத் தட்டி இறங்கிவிட்டால் மேலே வந்து, சாலையைக் கடந்து, மறுபடி காசு கொடுத்து இறங்க வேண்டும். படியில் இறங்குவதற்கு முன் வாசல் பலகையில் எந்தக் கடைசி நிலையத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அதற்காகச் சுரங்க ரயிலை ஒதுக்கிவிடவும் முடியாது. பலெர்மோ என்கிற பகுதியில் இருக்கும் பிளாசா இத்தாலியாவிலிருந்து பழைய மையத்துக்கு டி தடத்தில் இருபது நிமிடம் போலத்தான் ஆகும். அலுவலக நேரத்தில் எந்தப் பஸ்ஸாலும் அதைத் தொட முடியாது. கூட்டம் நெரியும், ஜனவரி வெயில் காலத்தில் கீழே புழுங்கித் தள்ளும், முதுகுப் பையை எல்லோரும் முன்னால் மாட்டிக்கொண்டு நிற்பார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். மழை நாளில், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நாளில், யோசிக்காமல் இதில் போகலாம்.

இனி பஸ். கொலெக்டிவோ. 1928 செப்டம்பரில் சவாரி கிடைக்காத டாக்ஸிக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஒரே காரில் பல பேரை ஏற்றி, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக் குறிப்பிட்ட வழியில் ஓட்ட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பஸ். செப்டம்பர் 24-ஐ இன்றும் பஸ் ஓட்டுநர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு எண், அதற்கென்று ஒரு நிறம். இரண்டு நாளில் தூரத்தில் வரும்போதே நிறத்தை வைத்து உங்கள் வண்டியா என்று தெரிந்துவிடும்.

ஏறுவது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் பலரும் பயந்து பின்வாங்குகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் கம்பம், ஒரே வளைவில் நான்கைந்து கம்பங்கள் இருக்கலாம், உங்கள் எண் எழுதியிருப்பதைத் தேடுங்கள். அங்கே வரிசை நிற்பார்கள், நிழல் தேடிச் சற்றுத் தள்ளி நிற்பவர்கூட யாருக்குப் பின்னால் என்று கேட்டு வைத்துக்கொள்வார். வண்டி வரும்போது கையை நீட்ட வேண்டும், நீட்டாவிட்டால் நிற்காமல் போகலாம். முன் கதவில் ஏறி ஓட்டுநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. “ஆஸ்தா பிளாசா இத்தாலியா” என்றால் போதும், பிளாசா இத்தாலியா வரை என்று பொருள். அவர் தன் பக்கம் ஒரு பொத்தானை அழுத்துவார், இயந்திரத்தின் சிறிய திரையில் தொகை வரும், அதன் பிறகு அட்டையை வைக்க வேண்டும். தொகை வருவதற்கு முன்பே அவசரப்பட்டு வைத்தால் ஒன்றும் நடக்காது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள், முதல் தடவை தடுமாறுகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

உச்சரிப்பு ஒன்று கவனிக்க வேண்டும். மற்ற ஸ்பானிஷ் ஊர்களில் ‘ய’ என்று வரும் இடத்தில் இந்த ஊரார் ‘ஷ’ என்பார்கள். பிளாசா தே மாயோ அவர்கள் வாயில் ‘மாஷோ’. கய்யாவோ அவென்யூவைக் ‘கஷாவோ’ என்றால்தான் ஓட்டுநர் ஒரே தடவையில் தலையாட்டுவார். புத்தகத்தில் படித்த ஸ்பானிஷ் எனக்கு இந்த ஒரு எழுத்தில்தான் இடறியது.

பஸ்ஸில் உண்மையான சிக்கல் இரண்டு. ஒன்று, ஊரில் பாதிக்கு மேல் ஒருவழித் தெரு, அதனால் போகிற வழி ஒரு தெரு, திரும்புகிற வழி பக்கத்துத் தெரு. இறங்கிய இடத்துக்கு எதிரே நின்று திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அது வரவே வராது. இரண்டு, ஒரே எண்ணுக்குக் கிளைகள் உண்டு, ரமால் என்பார்கள், முன் கண்ணாடியில் ஒரு அட்டையில் எழுதியிருக்கும். நான் எண்ணும் நிறமும் சரியாக இருக்கிறதே என்று அந்த அட்டையைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். எட்டு நிறுத்தம் தாண்டி வண்டி திடீரென்று இடது பக்கம் திரும்பியது, கடைகள் மறைந்து வீடுகளாக வர ஆரம்பித்தன. பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கைபேசி வரைபடத்தைக் காட்டினேன். அவர் என்னைவிடப் பதறி, எழுந்து போய் ஓட்டுநரிடம் பேசி, எங்கே இறங்கி எதில் ஏற வேண்டும் என்று எண்ணைத் தன் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தார். நாற்பது நிமிடம் போனதுதான், ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தில் பார்த்த தெருக்களை வேறு எப்படியும் பார்த்திருக்க மாட்டேன்.

ஒரே பயணத்தை இரண்டிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பலெர்மோவிலிருந்து மையத்துக்கு டி தடம் இருபது நிமிடம் என்றேன். அதே வழியை 152-ஆம் எண் பஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாந்தா ஃபே அவென்யூ முழுக்க உங்கள் கண் முன்னால் போகும், 1919-இல் நாடக அரங்காகக் கட்டிப் பின்னால் புத்தகக் கடையாக மாற்றிய எல் அத்தேனேயோவும் அதே தெருவில்தான். ரயிலில் போகிறவர் மண்ணுக்கடியில் இருட்டில் போகிறார். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே 152 லா போக்கா என்கிற பகுதி வரை கொண்டுபோய் விடும். லா போக்காவுக்குச் சுரங்க ரயிலே கிடையாது! வண்ணத் தகர வீடுகள் நிற்கும் கமினித்தோவைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், 29, 64, 152 மூன்றும் போகும், இதற்கு ஏன் டாக்ஸி. பகலில் மட்டும் போங்கள், அந்தச் சில தெருக்களைத் தாண்டி உள்ளே நடக்க வேண்டாம், ஊர்க்காரர்களே அப்படித்தான் எச்சரிக்கிறார்கள்.

மையத்தில் பஸ் மெதுவாகப் போகும் என்ற பழைய குறையும் இப்போது குறைந்திருக்கிறது. நுவேவே தே ஹூலியோ என்கிற அந்தப் பிரமாண்ட அவென்யூவின் நடுவே 2013-இல் மெட்ரோபஸ் என்று பஸ்களுக்கு மட்டும் தனித் தடம் போட்டார்கள். குறுகலான தெருக்களில் ஊர்ந்துகொண்டிருந்த பல எண்கள் அங்கே மாறின.

ராத்திரியில் சுரங்க ரயில் போட்டியிலேயே இல்லை. பெரும்பாலும் நள்ளிரவுக்கு முன்பே மூடிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தாமதமாகத்தான் திறப்பார்கள். அந்த ஊரில் இரவுச் சாப்பாடே ஒன்பதுக்கு மேல்தான் ஆரம்பம், பல உணவகங்கள் எட்டு மணிக்குக் காலியாகக் கிடக்கும். சாப்பிட்டு எழுந்தால் உங்களுக்கு இருப்பது பஸ் அல்லது டாக்ஸி. பெரும்பாலான பஸ்கள் விடிய விடிய ஓடும், ஆனால் வண்டிக்கு வண்டி இடைவெளி அதிகம், ஆளில்லாத நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அந்த நேரத்துக்கு டாக்ஸி. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, முன் கண்ணாடியில் சிவப்பாக ‘லிப்ரே’ என்று எரிந்தால் காலி வண்டி. மீட்டர் உண்டு, இரவு 10 முதல் காலை 6 வரை 20 சதவீதம் கூடுதல், அது விதிப்படியானது, ஏமாற்று இல்லை. தெருவில் கைகாட்டி நிறுத்துவதா, ஊபர், கபிஃபை, திதி போன்ற செயலியில் கூப்பிடுவதா என்றால், மொழி தெரியாதவருக்குச் செயலிதான் நிம்மதி, போகும் இடத்தை வாயால் விளக்க வேண்டியதில்லை, தொகை முன்பே தெரியும். 2016-இல் ஊபர் வந்தபோது டாக்ஸிக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அந்த உரசல் காரணமாகச் சில ஓட்டுநர்கள் இன்றும் பயணியில் ஒருவரை முன் சீட்டில் உட்காரச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். பகலில் மட்டும் டாக்ஸி எடுக்காதீர்கள், நெரிசலில் நின்றுகொண்டே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நடப்பதையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஊர் அதற்காகவே வரைந்தது போல இருக்கிறது. தெருக்கள் கட்டம் கட்டமாக, ஒரு கட்டம் ஏறக்குறைய 100 மீட்டர், கதவு எண்ணும் ஒரு கட்டத்துக்கு 100 என்று ஏறும். 1200-இல் நிற்கிறீர்கள், 1900-க்குப் போக வேண்டும் என்றால் ஏழு கட்டம், 700 மீட்டர். வரைபடமே வேண்டாம். குறுக்குத் தெருக்கள் பலவும் ரிவதாவியா அவென்யூவைத் தாண்டும்போது பெயர் மாறும், எண்ணும் அங்கிருந்துதான் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோவில் தெஃபென்சா தெரு முழுக்கச் சந்தை, அன்றைக்கு பிளாசா தே மாயோவிலிருந்து நடந்து போவதே சரி. வாடகை சைக்கிள் உண்டு, தனிப்பாதைகளும் நிறைய, பலெர்மோ பூங்காக்கள் பக்கம் நன்றாக இருக்கும், மையத்தில் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தீக்ரே ஆற்றுத் தீவுகளுக்குப் போக ரெத்திரோவிலிருந்து மித்ரே தட ரயில், ஒரு மணி நேரம் போல, அதே சூபே அட்டை. ரெத்திரோவின் அந்த 1915-ஆம் வருட நிலையத்தின் கூரையைப் பார்ப்பதற்காகவாவது கொஞ்சம் முன்னால் போய்விடுங்கள். 60-ஆம் எண் பஸ்ஸும் தீக்ரே போகும், ஆனால் இந்த ஒரு பயணத்தில் என் ஓட்டு ரயிலுக்கு.

விமான நிலையம் என்றால் எது என்று பாருங்கள். ஏரோபார்க்கே நகருக்குள்ளேயே ஆற்றங்கரையில் இருக்கிறது, சின்னப் பையோடு சாதாரண பஸ்ஸிலேயே போகலாம். எசெய்சா 30 கிலோமீட்டருக்கும் மேல். அங்கேயும் 8-ஆம் எண் போகும், இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வந்து இறங்கிய அன்று தூக்கக் கலக்கத்தில் பெட்டியோடு அதில் ஏறாதீர்கள், கார் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாள் எனக்கு நேரம் இருந்தது, பை ஒன்றுதான், 8-இல்தான் போனேன். கடைசி நிறுத்தத்தில் அட்டையில் இன்னும் மூன்று பயணத்துக்குக் காசு இருந்தது. அப்போதுதான் வந்து இறங்கி, பெட்டியோடு பஸ்ஸைத் தேடிக்கொண்டு நின்ற ஒரு பையனிடம் அதைக் கொடுத்து, முன் கண்ணாடியில் இருக்கும் அட்டையையும் பார்த்து ஏறு என்று சைகையில் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.