காரைக்குடி நிருபருக்கு எது தோது?

ரெஹாம் அல்-ஃபர்ரா, டாக் ஹாமர்ஷோல்டு நிதியம் என்று பத்திரிகையாளர்களுக்கு இரண்டு நல்கைகள் (fellowship) உண்டு. இரண்டுமே நியூயார்க் ஐ.நா. தலைமையகத்துக்கு அழைத்துப்போகும். ரெஹாம் அல்-ஃபர்ரா நல்கை, 2003 பாக்தாத் குண்டுவெடிப்பில் இறந்த ஐ.நா. ஊழியரின் பெயரில் உள்ளது. சில வாரங்கள்தான், பயிற்சியும் சந்திப்புகளும் அதிகம். 22 வயதிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் இளையவர்களுக்கு இதுவே மேல். ஆனால் தகுதியுள்ள நாடுகளின் பட்டியல் மாறும். முதலில் அதைப் பாருங்கள்.

டாக் ஹாமர்ஷோல்டு நிதிய நல்கைக்கு வயது 25 முதல் 35. மாதக்கணக்கில் தங்கிப் பொதுச்சபைச் செய்திகளை எழுத வேண்டும். பலர் சறுக்குவது நிறுவனக் கடிதத்தில்தான்: சம்பளம் தொடரும், அனுப்பும் செய்திகளை வெளியிடுவோம் என்று எழுதித்தர வேண்டும். செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் தேவகோட்டைப் பகுதிநேர நிருபருக்கு யார் தருவார்கள்? கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றித் தமிழில் எழுதிய கட்டுரையை அனுப்பினால், ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.