ஸ்டிரப் பிரேஸ்: சுளுக்குக்கு நல்ல துணை, பில்லில் கொஞ்சம் தலைவலி

பாதம் உள்பக்கமாகப் புரண்டு கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) இழுபட்டிருந்தால், கடையில் கிடைக்கும் ரெடிமேட் சாதனங்களில் எங்கள் முதல் ஓட்டு ஸ்டிரப் பிரேஸுக்குத்தான். காலின் இரண்டு பக்கமும் உறுதியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே காற்றுப் பையோ ஜெல்லோ வைத்த மெத்தை, குதிகாலுக்கு அடியில் ஒரு பட்டை, மேலே சுற்ற இரண்டு வெல்க்ரோ. அவ்வளவுதான். பாதம் பக்கவாட்டில் புரளாமல் இது தடுக்கும். மேலும் கீழும் அசைவதைத் தடுக்காது. அதனால் ஓரளவு இயல்பாக நடந்துகொண்டே ஆறலாம். லேஸ் கட்டும் வகை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் வீங்கிய காலில் அதை மாட்டுவதே ஒரு பாடு. வெறும் எலாஸ்டிக் உறை கதகதப்பாக இருக்கும்; புரளும் பாதத்தை அது நிறுத்தாது.

வாங்குமுன் ஒரு சோதனை. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலோ, அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை அதன் பின்விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே துருத்தும் எலும்பில், அதாவது ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியில், அல்லது பாதத்தின் உள்பக்கம் நடுவே இருக்கும் நேவிகுலர் எலும்பில் வலியா? அடிபட்டவுடனும் சரி, இப்போதும் சரி, நாலு எட்டு வைக்க முடியவில்லையா? இதில் ஒன்று ஆம் என்றாலும் முதலில் எக்ஸ்ரே. எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்ய டாக்டர்கள் பயன்படுத்தும் ஆட்டவா விதிகள் சொல்வது இதைத்தான். கெண்டைக்காலின் நடுவில் இரண்டு எலும்புகளையும் சேர்த்து அமுக்கும்போது கணுக்காலுக்கு மேல் வலித்தால், அது மேல்பகுதி லிகமென்ட் காயமாக இருக்கலாம். அதற்கு இந்தப் பிரேஸ் போதாது.

இந்தச் சாதனத்தைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை மாட்டும் விதத்தால் வருபவை. நீளமான பருத்தி சாக்ஸ் கட்டாயம். வெறும் தோலில் போட்டால் எலும்பு மேட்டில் கொப்புளம் வரும். உட்கார்ந்து பாதத்தை 90 டிகிரியில் வைத்து, குதிகால் பட்டையின் அகலத்தை முதலில் சரிசெய்யுங்கள். ஓடுகள் எலும்பு மேட்டின் மேல் நடுவாக உட்கார வேண்டும். பட்டை அகலமாகிவிட்டால் பிரேஸ் சுழலும், குறுகினால் கடிக்கும். கீழ் வெல்க்ரோவை முதலில் இறுக்கி, பிறகு மேலுள்ளதை இறுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்ததும் அதே அளவு தொளதொளவென்று ஆகிவிடும். "முதலில் நல்லா இருந்தது, அப்புறம் வேலை செய்யலை" என்று குறைசொல்பவர்கள் பட்டையை மறுபடி சரிசெய்தார்களா என்று பார்க்க வேண்டும். விரல் சில்லிட்டாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். காற்றுப் பை உள்ளவை விமானத்தில் உப்பி இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிஜமான குறை ஒன்று உண்டு: செருப்புக்கு இது ஒத்துவராது. லேஸ் கட்டும் ஷூ வேண்டும், உள் அட்டையை எடுத்தால்தான் பல ஷூவில் நுழையும். முதல் முறை வந்த லேசான அல்லது நடுத்தரச் சுளுக்கில், உள்ளே எலாஸ்டிக் பேண்டேஜையும் சேர்த்துச் சுற்றினால் நடை சீக்கிரம் பழையபடி ஆகிறது. விரல் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். வலி தாங்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, பிறகு ஒற்றைக்காலில் நின்று பழகுவது, இரண்டையும் விட்டுவிட்டால் அதே கால் மறுபடி புரளும். பிரேஸ் அதற்கு மாற்று இல்லை.

இனி அமெரிக்க பில்லிங், அதாவது காப்பீட்டுக்கு அனுப்பும் பில்லில் போடும் கோடுகள். ரெடிமேட் ஸ்டிரப்புக்கு எல்4350. பல லிகமென்ட்களைத் தாங்கும் வகைக்கு எல்1906, கணுக்காலைச் சுற்றி மூடும் காண்ட்லெட் வகைக்கு எல்1902. மருத்துவக் குறிப்பில் "ஆங்கிள் பிரேஸ் கொடுத்தோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் இம்மூன்றில் எது என்று கோடர் (பில்லுக்குக் கோடு போடுபவர்) ஊகிக்க முடியாது. ஓடு உறுதியானது, ஸ்டிரப் வடிவம், வலதா இடதா என்பதெல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். கோடோடு சேர்க்கும் ஆர்டி (வலது), எல்டி (இடது) மாடிஃபையர் அதிலிருந்துதான் வரும். எலாஸ்டிக் உறையை இந்த எல் கோடுகளில் போட்டால் அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் நிராகரிக்கும், அது ஏ4467.

நோய்க் கோடிலும் இதே கதை. வலது கணுக்கால், எந்த லிகமென்ட் என்று இல்லை என்றால் எஸ்93.401ஏ. டாக்டர் முன்பக்க டேலோஃபிபுலர் லிகமென்ட் சுளுக்கு என்று எழுதினால் எஸ்93.491ஏ, கால்கேனியோஃபிபுலர் என்றால் எஸ்93.411ஏ; இரண்டும் கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட்கள். "அந்த இடத்தில் தொட்டால் வலி" என்ற பரிசோதனைக் குறிப்பை வைத்துக் கோடர் தானே லிகமென்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்க வேண்டும். சிகிச்சை முடிந்து ஆறும் கட்டத்துக்கு வருகையில் கடைசி எழுத்து ஏ போய் டி ஆகும். இன்னொரு வழக்கமான கோளாறு, பிரேஸ் மாட்டிவிட்டதற்கு 29540 சேர்ப்பது. அது டேப் ஒட்டிக் கட்டுவதற்கான கோடு. ரெடிமேட் பிரேஸை மாட்டி அளவு சரிசெய்யும் வேலை எல் கோடிலேயே அடங்கிவிடும்.