ஆள்பிணையை எந்த வழியால் பிடிப்பது? கம்பனி, வழக்கு, பராட்டே, இணக்கம்

கம்பனி கடனைக் கட்டவில்லை. பிணைக்குக் கையெழுத்து வைத்த மூன்று பேர் இருக்கிறார்கள். வன்னியில் வங்கிக்காரரும் லீசிங்காரரும் கடனுக்குச் சாமான் கொடுத்த மொத்த வியாபாரியும் இந்த இடத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எந்த வழக்கு கெதியா முடியும்?" அறவீட்டுப் பிரிவில் பதினொரு வருஷம் இருந்த நான் திருப்பிக் கேட்பது வேறு: "பிணை நிண்டவரின்ர காணி என்ன காணி?"

ஒரு கோப்பை விரிப்போம். ஆட்களையும் கணக்கையும் மாற்றித்தான் சொல்கிறேன். பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலை, பிரைவேட் லிமிட்டெட். 65 இலட்சம் நிலுவை. ஆலை நிற்பது குத்தகை நிலத்தில். மெஷினும் லொறியும் லீசிங்கில். களஞ்சியத்தில் வெறும் சாக்கும் எலியும். பிணைக்கு இரண்டு பணிப்பாளர்களும், அவர்களில் ஒருவரின் மச்சானும். மச்சான் பள்ளிக்கூட வாத்தியார்.

கம்பனியை மட்டும் துரத்தும் வழியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் அதைக் கலைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் கலைத்த பிறகு பங்கு போட என்ன இருக்கிறது? லீசிங்காரர் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். எஞ்சுவதில் தொழிலாளர் சம்பளமும் வரியும் முன்னுக்கு நிற்கும்.

அப்படியென்றால் நேரே பிணையாளியிடம் போகலாமா? எங்கள் பொதுச்சட்டமான உரோம டச்சுச் சட்டம் பிணையாளிக்கு ஒரு கவசம் கொடுத்திருக்கிறது: "முதலில் கடன்காரனைத் தேடு, அவனிடம் கிடைக்காததற்கு என்னிடம் வா" என்று அவர் சொல்லலாம். பிணையாளிகள் பலர் என்றால் "என் பங்கை மட்டும் கேள்" என்றும் சொல்லலாம். வங்கியின் அச்சுப் படிவத்தில் இந்த இரண்டையும் கைவிடுவதாக ஒரு வாசகம் இருக்கும், அதுவும் இங்கிலீஷில். வாத்தியார் அதை வாசித்திருக்கமாட்டார். வாசிக்காமல் வைத்த கையெழுத்தும் கையெழுத்துத்தான், நீதிமன்றம் இலேசில் இரங்காது. ஆனாலும் தமிழில் விளங்கப்படுத்தியதாக ஒரு குறிப்பும், அதன் கீழ் அவருடைய கையெழுத்தும் கோப்பில் இருந்தால் பாதி வாதம் வாசலிலேயே நின்றுவிடும். வியாபாரிகள் ஏ4 தாளில் எழுதி வாங்கும் பிணைக் கடிதங்களில் இந்தக் கைவிடல் வாசகம் அநேகமாக இராது. அவர்கள் கம்பனியையும் பிணையாளிகளையும் ஒரே வழக்கில் பிரதிவாதிகளாக்குவதுதான் புத்தி.

இனி வழக்கு. வங்கிக்கும் பதிவுபெற்ற நிதிக் கம்பனிக்கும் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. அதில் 'கடன்' என்றால் பிணையாளி தரவேண்டியதும் கடன்தான். சத்தியக்கடதாசியும் மூல ஆவணங்களும் சரியாக இருந்தால் நீதிமன்றம் முதலிலேயே நைசை டிக்கிரியை, அதாவது பிரதிவாதி எதிர்த்துக் காரணம் காட்டாவிட்டால் உறுதியாகிவிடும் இடைக்காலத் தீர்ப்பாணையை, கொடுத்துவிடும். எதிர்த்து வாதாட வேண்டுமென்றால் பிரதிவாதி அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதியும் சும்மா வராது. கேட்ட தொகையைக் கட்டு, அல்லது பொருத்தமான பிணை வை, அல்லது விசாரிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டு. வியாபாரிக்கு இந்தக் கதவு பூட்டு. அவருக்கு உள்ளது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 53 ஆம் அத்தியாயம்: காசோலை, வாக்குறுதித்தாள், தொகை நிச்சயமான எழுத்து ஒப்பந்தம், அப்படியான கடனுக்கு எழுதிக் கொடுத்த பிணை. அங்கும் பிரதிவாதி அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இரண்டிலும் அடங்காவிட்டால் சாதாரண வழக்கு. அதற்குப் போகிறவர் தவணை எண்ணப் பழகிக்கொள்ள வேண்டும்.

வங்கிக்குக் கிடைத்த கத்தி கூர்தான், ஆனால் கைப்பிடி வழுக்கும். நான் இருந்த இடத்தில் ஒருமுறை கணக்குக் கூற்றில் ஒரு திகதி, சத்தியக்கடதாசியில் இன்னொரு திகதி. வட்டியில் சில ஆயிரம் ரூபா வித்தியாசம், அவ்வளவுதான். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரு சதமும் கட்டாமல் அனுமதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கோரிக்கைக் கடிதத்தையும் அசட்டை பண்ணக்கூடாது. கம்பனிக்கு அனுப்பியது பிணையாளிக்கு அனுப்பியதாகாது. படிவத்தில் உள்ள விலாசத்துக்கு ஆளுக்கொரு பதிவுத் தபால், தபால் துண்டு கோப்பில். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக்குடியேறி, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக வவுனியாவுக்கு மாறிய ஆட்களுக்கு மூன்று விலாசம் இருக்கும். படிவ விலாசத்துக்கு ஒன்று, இப்போது இருக்கும் இடத்துக்கு ஒன்று என்று இரண்டாக அனுப்புங்கள். எழுத்து ஒப்பந்தத்துக்குக் காலாவதி 6 வருஷம். கேட்டவுடன் தருவேன் என்ற பிணையில் அந்தக் கணக்குப் பெரும்பாலும் கோரிக்கையிலிருந்துதான் ஓடும் என்றாலும், அதை நம்பிக் கோப்பை அலுமாரியில் வைக்காதீர்கள்.

பராட்டே என்றதும் ஊரில் எல்லாருக்கும் பயம். வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் போட்டு, நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விற்கும் அதிகாரம் அது, 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம். ஆனால் ஆள்பிணையோடு ஒப்பிட்டால் அதன் எல்லை சின்னது. ஈடு எழுதிய சொத்து வேண்டும், வெறும் கையெழுத்துக்குப் பராட்டே இல்லை. முதற் தொகை நிலுவை 50 இலட்சத்துக்குக் கீழென்றால் இல்லை. கடன் எடுக்காத மூன்றாம் ஆள் ஈடு வைத்த சொத்துக்கு அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2006 இல் தீர்த்தது. பணிப்பாளரே தன் காணியை ஈடு வைத்த வழக்குகளில் அந்த வாதம் பிறகும் இழுபட்டது. 2024 இல் பராட்டேயை அரசே கொஞ்சக் காலம் நிறுத்தியும் வைத்தது. எங்கள் ஆலைக் கோப்பில் ஈடே இல்லை, ஆகவே இந்தப் பக்கத்தை மூடலாம்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். டிக்கிரி கிடைத்தது, அதை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் போகிறார். எதைப் பிடிப்பார்? முதல் பணிப்பாளருக்கு இரணைமடுவுக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல், பேமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தில் கொடுத்த காணியை டிக்கிரிக்காகக் கைப்பற்றி விற்க முடியாது. வயலைப் பார்த்தால் கோடி பெறும், அறவீட்டுக் கணக்கில் சைபர். உழவுக் கருவியையும் விதைநெல்லையும் பிழைப்புக்கு வேண்டிய அளவுக்குச் சட்டமே விட்டுவைக்கிறது. இரண்டாமவர் இருக்கும் வீடு மனைவியின் சீதனம். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் அது அவளுடைய தனிச்சொத்து, இவர் போட்ட கையெழுத்து அதைத் தொடாது. கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய தேடிய தேட்டமென்றால் யாருக்கு எவ்வளவு என்ற வாதம் தொடங்கும். மிஞ்சுவது வாத்தியார். முரசுமோட்டையில் அவருக்கு ஒரு ஏக்கர் உறுதிக் காணி, பிஸ்கால் பிடிக்கக்கூடிய சொந்தக் காணி. அதோடு மாதச் சம்பளம், அதிலும் ஒரு பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு.

ஆலையில் ஒரு சதம் இலாபம் பார்க்காத வாத்தியார்தான் கடைசியில் அகப்படுகிறார். எனக்கு இது ஒருநாளும் பிடித்ததில்லை. கட்டிய பிறகு கம்பனியிடம் கட்டிய தொகையையும் மற்றப் பிணையாளிகளிடம் அவரவர் பங்கையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதையாவது யாரேனும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

அதனால் இணக்கத்தைத்தான் நான் முதல் தட்டில் வைப்பேன், ஆனால் வழக்குப் போட்ட பிறகு. வழக்குக்கு முன் கம்பனியோடு மட்டும் இருந்து பேசி தவணையை மாற்றினால், பிணையாளியின் சம்மதமில்லாமல் கடனை மாற்றிவிட்டீர்கள் என்று அவர் கழன்றுகொள்ளப் பார்ப்பார். படிவத்தில் காப்பு வாசகம் இருந்தாலும் மூன்று பேரின் கையெழுத்தையும் புதுத் தாளில் வாங்குங்கள். நைசை டிக்கிரி கையில் இருக்கும்போது பேசினால் பேச்சின் தொனியே வேறு. கடன் தகவல் பணியகமான கிறிப்பில் (CRIB) பெயர் விழுந்து, மகனுக்கு மோட்டார் சைக்கிள் லீசிங் கிடைக்காமல் போன அன்றைக்கே முதல் பணிப்பாளர் தானாக வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

அப்போதும் மாதத் தவணை எழுதாதீர்கள். வயற்காரனிடம் மாதாமாதம் காசு இராது. பெரிய தவணையைக் காலபோக வெட்டு முடியும் பங்குனிக்குப் போடுங்கள், சின்னதைச் சிறுபோகத்துக்கு. வாத்தியாருக்கு மட்டும் சம்பளத் திகதிக்குப் பிறகு ஒரு சிறு தொகை. பேமிற் வயலைப் பிஸ்கால் பிடிக்க முடியாதுதான், அதில் விளைந்த நெல்லை விற்ற காசில் கட்டுவதாக உடையவரே எழுதிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. அந்த இணக்கத்தை நீதிமன்றப் பதிவில் ஏற்றி, ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகைக்கும் நிறைவேற்று ஆணை என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.